உருப்படி 47-இ

ஒரு பொருளைப் பத்திரப்படுத்துவதற்கும் அதை ஒன்றுக்கும் உதவாமல் ஆக்குவதற்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, அதற்குக் குளிர்சாதனம் பொருத்தி, வாசலில் ஒரு காவலாளியையும் உட்கார வைத்தவர்கள் கோல சிலாங்கூர் மரபிசைக் கருவிப் பேணகத்தார். கடைவீட்டு வரிசையில், பல் கிளினிக் ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது பேணகம். உள்ளே நாற்பத்தேழு இசைக்கருவிகள். உள்ளே போன நாளிலிருந்து அவற்றில் ஒன்றுகூடச் சத்தம் போட்டதில்லை. ஆண்டறிக்கையில் ‘சாதனைகள்’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியே அதுதான்.

நாற்பத்தேழாவது கருவி ஒரு பித்தளைக் கோர்னெட். ட்ரம்பெட்டுக்குக் குள்ளமாக ஒரு தம்பி இருந்தால் இப்படித்தான் இருப்பான். ஜெரம் பக்கத்துப் பிராங்க்டன் தோட்டத்து அந்தோணியார் கோயில் பேண்டுக்குச் சொந்தமானது. பேண்டு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோர்னெட்டுக்குப் பெர்னடெட், பெரிய டிரம்முக்குச் சன்னாசி, அவ்வளவுதான். மற்றவர்கள் கல்லறையில் இருக்கிறார்கள், அல்லது செரண்டாத் தொழிற்சாலைகளில் ஓவர்டைம் செய்கிறார்கள். சன்னாசி இந்து, அந்தோணியாருக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தகவல் இல்லை.

பெர்னடெட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. வீடு சுங்கை சோவில், வேலை செரண்டாவில், ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்க்கும் வேலை. முப்பது வருடமாக அதைத்தான் பார்க்கிறார்.

தோட்டம் கைமாறிப் பல வருடம் ஆகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். கம்பெனி வேலிக்குள் கோயிலும், அதன் பின்னால் அறுபத்து மூன்று கல்லறைகளும் மட்டும் மிச்சம். தோட்டத்தை விற்றுவிட்டுப் போன கடைசித் துரை போகும்போது ஒரு கடிதம் எழுதி வைத்தார். ஆண்டுதோறும் ஜூன் பதின்மூன்றாம் தேதி, அந்தோணியார் திருநாளன்று, மாலை ஐந்து மணிக்கு வேலிக் கதவுக்கு வெளியே மேற்படி கோர்னெட் ஒலிக்க வேண்டும். ஒலித்ததும் கதவைத் திறந்துவிட வேண்டும். ஏதாவது ஓர் ஆண்டு ஒலிக்காமல் போனால் அனுமதி அத்தோடு முடிந்தது. கதவுக்கும் ஆபீசுக்கும் ஒரு மைல் தூரம். அந்தக் காலத்தில் கூப்பிட வேறு வழி கிடையாது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் கம்பெனி கடிதத்தைத்தான் பார்க்கும்.

அறுபத்து மூன்றில் ஒன்று பெர்னடெட்டின் கணவர் சில்வெஸ்டருடையது. வருடத்தில் அந்த ஒரு மாலைதான் அவர் போய்ப் புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வர முடியும். அதுவும் போய்விட்டால் சில்வெஸ்டரின் மேலேயும் ஒரு செம்பனைக் கன்றை நட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்.

மார்ச் மாதம் பேணகத்தார் வந்து, மூன்று மாதக் கண்காட்சிக்குக் கோர்னெட்டை இரவல் கேட்டார்கள். மே முப்பத்தொன்றில் திருப்பித் தருவதாக எழுத்தில் கொடுத்தார்கள். பதிவாளர் தனேஸ்வரி, இருபத்து நான்கு வயதுப் பெண், ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ‘இணைப்புப் பொருள்கள்’ என்று ஒரு கட்டம். பெர்னடெட் யோசித்தார். பேண்டு நோட்டுப்புத்தகத்தில் எந்தக் கருவியையும் தனியாக எழுதும் பழக்கம் கிடையாது. பெரிய டிரம் என்றால் பக்கத்திலேயே சன்னாசி என்று இருக்க வேண்டும். ஆள் பெயர் இல்லாமல் கருவி மட்டும் இருந்தால் அது தொலைந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே அவர் நேர்மையாக எழுதினார்: மவுத்பீஸ் 1, துணிப்பை 1, பெர்னடெட் 1.

உரிமையாளர் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்பது பேணகத்தின் விதி. தனேஸ்வரி மாற்றவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி கோர்னெட்டை வாங்கப் போனார் பெர்னடெட். அது கண்ணாடிப் பெட்டிக்குள், மூன்று விளக்குகளின் கீழே கிடந்தது. அதன் வாய்ப்பக்கத்து நசுங்கலைச் சுட்டி ஓர் அட்டை: ‘குடியேற்ற ஆட்சிக் காலத்து மோதலின் வடு எனக் கருதப்படுகிறது.’

“இது சன்னாசி அண்ணே மோட்டார் சைக்கிளப் பின்னால தள்ளும்போது ஏறுனது,” என்றார் பெர்னடெட்.

“சான்று உண்டா?” என்று கேட்டார் இயக்குநர் டாக்டர் சத்தியசீலன்.

“சன்னாசி அண்ணேதான் சான்று.”

“அவர் எதிர்த்தரப்பு. ஏற்க முடியாது.”

கோர்னெட்டைக் கேட்டதும் இயக்குநர் மென்மையாகச் சிரித்தார். “அம்மா, நீங்கள் கொடுத்தபோது இது ஒரு கோர்னெட். இப்போது இது தொல்பொருள். நூற்று முப்பது ஆண்டுப் பழமை உடையது என்று எங்கள் ஆய்வில் தெரியவந்திருக்கிறது. தெரியாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்போம்.”

“வர்ற பதிமூணாம் தேதி ஊதியாகணும் சார். ஊதலனா கதவு தொறக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு.”

“உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களா?”

“இல்ல சார். எறந்துட்டாரு.”

“அப்படியானால் அவசரம் இல்லை,” என்றார் இயக்குநர், நிம்மதியாக. பிறகு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கூட்டம் எதுவும் இல்லாத அறையில் கூட்டத்தைப் பார்த்துப் பேசும் குரலில் தொடர்ந்தார். “நீங்கள் நாற்பது ஆண்டுகள் இதை ஊதியிருக்கிறீர்கள். அந்த வடுவைத் தவிர இதிலுள்ள அத்தனை சேதமும் அந்த நாற்பது ஆண்டுகளில் வந்ததுதான். எங்களிடம் வந்து மூன்று மாதம் ஆகிறது. புதிய சேதம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். ஏன் இல்லை? நாங்கள் ஊதவில்லை. ஊதவும் தெரியாது. எனக்குச் சங்கீதம் சுத்தமாக வராது. அதைக் கேட்டுத்தான் என்னை இந்தப் பதவிக்கே தேர்ந்தெடுத்தார்கள். கருவிகள் மேல் ஆசை உள்ளவன் எடுத்து வாசித்துவிடுவான், பாருங்கள்.”

பெர்னடெட் பார்த்தார். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தார்.

விண்ணப்பம் சுவாசத் துணைக்குழுவுக்குப் போனது. அப்படி ஒரு குழு இருக்கிறது. ஐந்து பேர், வெள்ளைப் பருத்திக் கையுறை. ஆறாம் தேதி பெர்னடெட்டை வரவழைத்து ஒரு பலூனை ஊதச் சொன்னார்கள். ஊதினார். பலூனைக் கட்டி, எடை பார்த்து, அதன்மேல் எண் ஒட்டி வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து முடிவு வந்தது: விண்ணப்பதாரரின் மூச்சில் ஈரப்பதம் காணப்படுகிறது.

“எல்லாரு மூச்சுலயும் இருக்கும்தானே,” என்றார் பெர்னடெட்.

“அதனால்தான் எல்லாருக்கும் மறுக்கிறோம். பேணகத்தில் பாகுபாடே கிடையாது,” என்றார் குழுத்தலைவர்.

ஆனால் பேணகத்தார் இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. மாற்று ஏற்பாடாக, கோர்னெட்டை அதே அளவில் படம் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் தர முன்வந்தார்கள். விழாவில் அதை வாயருகே பிடித்துக்கொள்ளலாம், மழையில் நனையாது, துடைப்பதும் சுலபம். அசலை ஊதுவது பற்றிய மேல்முறையீட்டுக்குப் பதினெட்டு மாதம் ஆகும் என்றார்கள். பெர்னடெட் படத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் சுங்கை சோ வரை அழுதுகொண்டே போனார்.

சன்னாசி வேறு வழி தேடினார். சுங்கை செம்பிலாங்கில் ஒரு பையனிடம் ட்ரம்பெட் இருந்தது. அதைப் பயன்படுத்தலாமா என்று கம்பெனி அதிகாரி அகிலனைப் போனில் கேட்டார்.

“அங்கிள், லெட்டர்ல கோர்னெட்னுதான் இருக்கு,” என்றார் அகிலன். “ட்ரம்பெட்னா புது அப்ளிகேஷன் போடணும். போட்டா பழைய பெர்மிஷன் கேன்சல் ஆயிடும். நான் சொல்லல லா, சிஸ்டம் சொல்லுது.”

பதின்மூன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பெர்னடெட் கடைசியாக ஒருமுறை பேணகத்துக்குப் போனார். கெஞ்சலாம் என்பதற்கு மேல் திட்டம் எதுவும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டி புதுக் கையுறை கொண்டுபோயிருந்தார், மரியாதைக்கு. இயக்குநர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ரப்பர் கையுறை மரபுக்குப் பொருந்தாது என்று திருப்பிக் கொடுத்தார். கோர்னெட்டையும் கொடுக்கவில்லை. பெர்னடெட் எழுந்து வாசலுக்கு வந்தார்.

வாசலில் காவலாளி ரெங்கசாமி. அன்று காலைதான் அவருக்கு ஒரு டேப்லெட் கொடுத்து, வெளியே போகும் ஒவ்வொருவரின் பெயரையும் அதில் தட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பெர்னடெட்டின் அடையாள அட்டையைப் பார்த்துத் தட்டினார். டேப்லெட் சிவப்பானது.

“தங்கச்சி, நீ போக முடியாது போலிருக்கே,” என்றார்.

“ஏண்ணே?”

“நீ இங்க உள்ள சாமானாம். நாப்பத்தேழு இ. பாஸ் இல்லாம சாமான வெளிய விட்டா என் வேல போயிரும்மா.”

தனேஸ்வரி ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். கோர்னெட் 47. மவுத்பீஸ் 47-அ. துணிப்பை 47-ஆ. பெர்னடெட் 47-இ. “ஐயோ ஆண்ட்டி, சாரி,” என்றாள். “நான் அது ஏதோ துணி இல்லனா பிரஷ்ஷோட பேருன்னு நெனச்சுட்டேன்.”

இயக்குநர் வந்தார். இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்றால் தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டு, அந்த வரியை அழித்திருப்பான். டாக்டர் சத்தியசீலன் சாதாரண மனிதர் அல்லர்.

“பட்டியல் ஏப்ரலிலேயே தலைமையகத்துக்குப் போய்விட்டது,” என்றார் மெதுவாக. “நாற்பத்தேழு கருவிகள், நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். விருதும் அறிவித்துவிட்டார்கள். இப்போது நூற்றுப் பதினொன்று என்று எழுதினால் ஒன்று எங்கே என்று கேட்பார்கள். தொலைத்துவிட்டோம் என்பதா? இதுவரை இந்தப் பேணகம் ஒரு பொருளையும் தொலைத்ததில்லை. அம்மா, தயவுசெய்து உங்கள் இடத்துக்குப் போங்கள்.”

“என் எடம் எது சார்?”

கோர்னெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கயிறு கட்டினார்கள். சிறிய அட்டையும் வைத்தார்கள்: 47-இ, தொடாதீர்.

பெர்னடெட் நினைத்திருந்தால் கயிற்றைத் தாண்டிப் போயிருக்கலாம். ரெங்கசாமிக்கு எழுபது வயது, துரத்தியிருக்கவும் மாட்டார். முதலில் எழத்தான் செய்தார். அப்புறம் பக்கத்து மேசையில் பேணகத்தின் கையேடு தெரிந்தது. நூற்றுப் பதினான்கு பக்கம். முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். மறுபடி உட்கார்ந்து, அதை மடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

மதியம் தனேஸ்வரி நிலை அறிக்கை எழுத வந்தாள். ஒவ்வொரு பொருளுக்கும் அது கட்டாயம். கையுறையைப் போட்டுக்கொண்டு, சங்கடத்தோடு சுற்றிச் சுற்றிப் பார்த்து எழுதினாள். மேற்பரப்பு: மெல்லிய விரிசல்கள். மேல் வரிசை: இரண்டு பற்கள் அசல் அல்ல. வலது முழங்கால்: இயக்கத்தில் சத்தம் உண்டு. பேணகத்தில் சத்தம் வரும் ஒரே பொருள் அதுதான் என்பதை அவள் கவனிக்கவில்லை.

“ஆண்ட்டி, சாப்டீங்களா?”

“பொருளுக்குச் சாப்பாடு கிடையாதுன்னு அம்பதாம் பக்கத்துல போட்டிருக்கு. எலி வருமாம்.”

தனேஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, யாரும் பார்க்காமல் கொடுத்தாள். அந்தப் பேணகத்தில் அன்று நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

மணி இரண்டேகால் ஆனபோது பெர்னடெட் தும்மினார். அந்த அறையில் எப்போதும் இருபது டிகிரிக் குளிர். யாராக இருந்தாலும் தும்மத்தான் வேண்டும். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையேட்டில் விரல் வைத்த பக்கத்தைப் பிரித்து, இயக்குநரைக் கூப்பிடச் சொன்னார்.

“சார், விதி பதினேழு. முதன்மைப் பொருளையும் இணைப்புப் பொருளையும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. சரிங்களா?”

“சரி. நான்தான் எழுதினேன்.”

“விதி முப்பத்தொண்ணு. இணைப்புப் பொருள் ஏதாவது நலிவுற்றால், நலிவு நீங்கும்வரை முழுத் தொகுதியையும் அதன் பூர்வீகச் சூழலுக்குக் கொண்டுபோய், வழக்கமான பயன்பாட்டில் வைத்திருக்க வேண்டும். சரிங்களா?”

“அது தோல் வாத்தியங்களுக்காக எழுதியது…”

“தோலுன்னு போடல சார். பொருள்னுதான் போட்டிருக்கு. எனக்குச் சளி புடிச்சிருச்சு.”

அதை உறுதிப்படுத்துவதுபோல இன்னொரு தும்மல் வந்தது. அது நடிப்பில்லை. இயக்குநர் பின்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் ஒரு போராட்டம் தெரிந்தது. ஒரு பக்கம் கோர்னெட்; மறுபக்கம் அவர் கையாலேயே எழுதிய விதி. விதிதான் ஜெயித்தது, எப்போதும்போல.

“ஊதுதல்?” என்றார் கடைசியாக, பலவீனமான குரலில். “விதி நான்கு தடுக்கிறதே.”

பெர்னடெட் பக்கத்தைத் திருப்பினார். “பார்வையாளர், பணியாளர், உறுப்பினர், கொடையாளர், அவர்தம் வாரிசுகள் ஊதலாகாது. இணைப்புப் பொருள் ஊதக்கூடாதுன்னு எங்க இருக்கு, காட்டுங்க சார்.”

அவர் தேடினார். அரை மணி நேரம் தேடினார். இல்லை.

மூன்றே முக்காலுக்கு வேன் புறப்பட்டது. கோர்னெட் பஞ்சுப்பெட்டிக்குள், பெர்னடெட் அதன் பக்கத்தில், எதிரே தனேஸ்வரி ஏழு படிவங்களோடு. இயக்குநர் முன்னிருக்கையில். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது தொல்பொருள் போக்குவரத்து விதி. பின்னால் வந்த லோரிக்காரர்கள் ஜெரம் வரைக்கும் ஹார்ன் அடித்துத் தங்கள் கருத்தைத் தெரிவித்தபடி வந்தார்கள்.

கதவை அடைந்தபோது ஐந்துக்கு இன்னும் ஆறு நிமிடம். வெளியே இருநூறு பேர், கதவை ஒட்டிச் சப்பரம், பூ மாலைகளோடு அந்தோணியார், டிரம்மோடு சன்னாசி. கதவுக்குப் பக்கத்தில் கோப்பும் கடிகாரமுமாக அகிலன்.

பெர்னடெட் கோர்னெட்டை எடுத்து உதட்டில் வைத்து ஊதினார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் ஊதினார். காற்றுகூட வெளியே போகவில்லை.

“நாலு நிமிஷம், ஆண்ட்டி,” என்றார் அகிலன்.

சன்னாசி கோர்னெட்டின் அகன்ற வாய்க்குள் கையை விட்டார். கசக்கிய வெள்ளைத் தாள் வந்தது. இன்னொன்று வந்தது. பேணகத்தார் உட்பக்கத்தைப் பாதுகாக்க ஒன்பது தாள்களைத் திணித்து வைத்திருந்தார்கள்.

“என்னா சார் இது, கால் சப்பாத்து விக்கிற கடையா?” என்றார் சன்னாசி.

“அமிலமற்ற தாள்,” என்றார் இயக்குநர், பெருமையோடு.

தாள் எல்லாம் போயிற்று. இப்போது விரலால் அழுத்தும் வால்வுகள் அசையவில்லை. மூன்றிலும் பாதுகாப்பு மெழுகு ஊற்றி இறுக்கியிருந்தார்கள். கூட்டத்தில் யாரோ ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். வேலிக்கு அந்தப்பக்கம், செம்பனைகளுக்கு நடுவே, கோயிலின் தகரக்கூரையும் அதன் பின்னால் கல்லறைகள் இருக்கும் மேடும் தெரிந்தன. பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது. கதவு அழைப்பு மூன்றே சுரம். மூன்றுக்கும் வால்வைத் தொடவே வேண்டாம், உதடு போதும்.

ஊதினார். முதல் சுரம் உடைந்தது. இரண்டாவது நின்றது. மூன்றாவது வேலியைத் தாண்டி, செம்பனைக்குள் போய், மேட்டில் முட்டித் திரும்பி வந்தது. சன்னாசி டிரம்மை ஓங்கி அடித்தார். அகிலன் கடிகாரத்தைப் பார்த்து, கோப்பில் நான்கு ஐம்பத்தொன்பது என்று எழுதி, கதவைத் திறந்துவிட்டார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சிலர் சொல்கிறார்கள். தூசியாகவும் இருக்கலாம்.

பெர்னடெட் சில்வெஸ்டரின் கல்லறையில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கோயில் வாசலில் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார். “எங்கள் பேணகத்தின் முதல் திறந்தவெளிப் பேணல் முயற்சி இது,” என்று கேட்டது. “நாற்பது ஆண்டுகளாகக் கவனிப்பாரற்று ஊதப்பட்டுவந்த இக்கருவி, இன்றுதான் முதன்முறையாக முறைப்படி ஊதப்பட்டது.” இருநூறு பேரும் கைதட்டினார்கள். தட்டினால்தான் முடிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெர்னடெட் சுண்ணாம்பு வாளியை வைத்துவிட்டுச் சில்வெஸ்டரிடம், “கேட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைப் பல வருடமாக யாரும் பார்த்ததில்லை.

திரும்பிப் போகும் நேரம் தனேஸ்வரி கடைசிப் படிவத்தோடு வந்தாள். நலிவு நீங்கியதா, ஆம், இல்லை. ஆம் என்றால் தொகுதி பேணகத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லை என்றால் நலிவுற்ற பொருள் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே முழுத் தொகுதியும் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை சோதனை.

“ஆண்ட்டி,” என்றாள் தனேஸ்வரி, பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல். “இப்ப சளி எப்படி இருக்கு?”

பெர்னடெட் கோர்னெட்டைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். “இருக்கும்மா,” என்றார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. கோர்னெட் சுங்கை சோவில், அரிசி டின்னுக்கு மேலே, துணிப்பைக்குள் இருக்கிறது. மெழுகைச் சுடுதண்ணீரில் கரைத்து, தையல் மிஷின் எண்ணெய் போட்டாயிற்று. இரண்டு திருநாளிலும் ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. பேணகத்தில் கண்ணாடிப்பெட்டி காலியாக, மூன்று விளக்குகளோடு அப்படியே இருக்கிறது. பார்வையாளர்கள் கையுறை போட்டுக்கொண்டு அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சேதமே அடையாத பெட்டி என்று அதற்கும் ஒரு விருது கிடைத்திருக்கிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை தனேஸ்வரி படிவத்தோடு வருவாள். பெர்னடெட் தேத்தண்ணி கலக்குவார். இருவரும் குடித்து முடித்ததும் அவள் பேனாவைத் திறப்பாள்.

“ஆண்ட்டி, சளி?”

“இருக்கும்மா.”

“நல்லது,” என்று எழுதிக்கொள்வாள் தனேஸ்வரி.